தலையில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு



தலையில் அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். தையல் பிரித்தாயிற்று. நடக்கிறார், சாயா கேட்டு வாங்கிக் குடிக்கிறார், வந்தவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். "தெய்வம் காப்பாத்திச்சு, இனி பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு உறவுக்காரர்கள் பஸ் ஏறுகிறார்கள். அந்த வீட்டுக்குச் சோதனை தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

நம் மாவட்டத்தில் தலைக்காயத்துக்கு வழிகள் பல. மோட்டார் சைக்கிள்தான் முதலில். தக்கலை, மார்த்தாண்டம் ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அப்புறம் பனையும் தென்னையும். கடற்கரை ஊர்களில் அலையில் வள்ளம் மறிந்து அடிபடுகிறவர்கள் உண்டு. வயதானவர்களுக்குப் பாசி பிடித்த கிணற்றடியே போதும். வழி எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். கெட்டியான மண்டை ஓட்டுக்குள் மூளை மெத்தென்று இருக்கிறது. அடி விழும்போது அது ஓட்டில் மோதுகிறது. உள்ளிருக்கும் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. எலும்பு உடையாவிட்டாலும், வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராவிட்டாலும் இது நடக்கலாம். ஸ்கேனில் தெரியாமல் போவதும் உண்டு.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஜி.சி.எஸ். என்று ஓர் எண் எழுதியிருக்கும். ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இருவர் 1974-ல் வகுத்த மதிப்பெண் அது. 3 முதல் 15 வரை போகும். 13-ம் அதற்கு மேலும் இருந்தால் "லேசான காயம்" என்பார்கள். நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதற்குத்தான் அந்த எண். வீட்டில் எப்படி இருப்பார் என்பதை அது முழுவதும் சொல்லாது.

வீட்டில் என்ன நடக்கிறது? முன்பு அதிர்ந்து பேசாதவர், குழம்பில் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தூக்கி எறிகிறார். காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடுகிறார். நாற்பது வருஷத்துக்கு முன் கல்யாண விருந்தில் என்ன பாயசம் என்று கேளுங்கள், சொல்லுவார். குளிக்கச் சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால் திண்ணையில் இருந்த இடத்திலேயே இருப்பார். காலை பத்து மணிக்கே களைத்துப் படுத்துவிடுவார். இதற்கெல்லாம் திமிர், மடி, நடிப்பு என்று நாம் பெயர் வைக்கிறோம். "வேணும்னே செய்யாரு" என்று மனைவி அழுகிறாள். அம்மா, அது திமிரில்ல, காயமாக்கும். ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும், வந்த கோபத்தை அடக்குவதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் வேலை. அங்கே அடிபட்டால் அந்த வேலை கெடுகிறது. கால் ஒடிந்தவரை ஓடச் சொல்லுவோமா?

இதைப் பற்றி மருத்துவ உலகம் படித்துக்கொண்ட பழைய கதை ஒன்று உண்டு. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில், ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கும்போது பினியஸ் கேஜ் என்ற மேஸ்திரியின் கன்னத்தில் ஏறிய இரும்புக் கம்பி உச்சந்தலை வழியே வெளியே போயிற்று. ஆள் பிழைத்தார். ஆனால் பொறுப்பான மனிதர் முன்கோபியாகவும் சொன்ன சொல்லில் நிற்காதவராகவும் மாறிவிட்டார் என்று சிகிச்சை செய்த டாக்டர் எழுதி வைத்தார். பழைய முதலாளிகள் வேலைக்குச் சேர்க்கவில்லை. பெரும்பாலும் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். பிற்பாடு அவர் சிலி நாட்டில் பல வருஷம் பயணிகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் ஒரே மாதிரியான அந்த வேலை ஒழுங்கே அவரைத் தேற்றியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அந்த ஒழுங்கை நம் வீட்டிலும் உண்டாக்கலாம்.

எழுந்திருப்பது, குளிப்பது, சாப்பிடுவது, மாத்திரை, உறக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். கண்ணாடி, சாவி, செருப்பு வைக்க ஒரே இடம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று நடந்ததை அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளைகள் எழுதலாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும், டி.வி.யை அணைத்துவிட்டு. பயறு உரிக்கவோ செடிக்குத் தண்ணீர் விடவோ அரை மணி எடுத்தாலும் பிடுங்கிச் செய்துவிடாதீர்கள். அதுவே அவருக்கு மருந்து. கோபம் வந்தால் எதிர்வாதம் வேண்டாம். பேச்சை மாற்றுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நேரம் விலகிப் போங்கள். கை நீட்டினால் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் மருந்து உண்டு. கணவன் மனைவி உறவில் மாற்றம் வந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள், அதுவும் காயத்தால் வருவதே.

முதல் ஆறு மாதம் தேறுதல் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், இரண்டு வருஷம் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுகிறவர்கள் உண்டு. சிலருக்குச் சில குறைகள் நிலைத்துவிடும். அதை மறைத்துப் பேசி என்ன லாபம்?

சில காரியங்களில் கண்டிப்பு வேண்டும். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. டாக்டர் அனுமதிக்கும் வரை வண்டி, பனை, கிணறு, குளம், கடல் ஒன்றும் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். சாராயம் ஒரு சொட்டும் ஆகாது. சிலருக்கு வாசனை அறியும் சக்தி போய்விடும்: கேஸ் கசிந்தாலும் தெரியாது, மீன்கறி ஊசிப்போனாலும் தெரியாது. மூளை வீக்கத்துக்காக மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருந்தால், தலையில் அந்தப் பக்கம் எண்ணெய் தேய்த்து அழுத்தக் கூடாது. நம் ஊர் வர்ம ஆசான்மார் பேர் பெற்றவர்கள்; கைகால் வலிக்கு அவர்களிடம் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. தலையில் அடிபட்டவருக்கு வர்மம் இளக்குவது என்று நேரம் கழிக்காதீர்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், மாத்திரையும் கொடுங்கள்.

தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஒரு பக்கம் கைகால் தளர்வது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் ஒன்று கண்டாலும் 108-க்குப் போன் செய்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதியவர்களுக்குச் சின்ன அடிபட்டுச் சில வாரம் கழித்தும் மூளையைச் சுற்றி ரத்தம் தேங்கலாம். தாத்தா திடீரென்று தடுமாறினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

நடமாட முடியாதவருக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உடற்பயிற்சி சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். குறை நிலைத்துவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் தொலைக்கக் கூடாது.

பார்த்துக்கொள்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது ஒரே பெண், மனைவியோ தாயோ. ராத்திரி உறக்கமில்லை, நேரத்துக்குக் கஞ்சியில்லை. கொழுந்தன், நாத்தனார், பக்கத்து வீட்டார் முறைவைத்து வாரத்தில் இரண்டு மத்தியானமாவது வந்து கூட இருக்க வேண்டும். புத்தி சொல்ல வருகிறவர்கள் அந்த நேரத்துக்குச் சோறு வடித்துக் கொடுத்தால் நல்லது. மனம் தாங்காமல் போனால் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நீங்களும் உள்ளே போங்கள். "எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்று அவர் சொல்லுவார். பொய்யாகச் சொல்லவில்லை; தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தில் உண்டு. தட்டு எறிந்ததையும், ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து நடந்தார் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.