அளவு நாடா

(தேவதானத்தில், தையல் பயிற்சி முடித்த பெண்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு நினைச்சு, நாலு கவிதையை மடிச்சு சட்டைப்பையில் வச்சுக்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா முன்வரிசை முழுக்கத் தையல் படிச்ச அக்காமார். அதனால் கவிதை பையிலேயே இருக்கட்டும். ஒரு ரவிக்கையைப் பற்றிப் பேசுகிறேன்.

1930 டிசம்பர். விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985-ல்தான். அன்றைக்கு இந்தப் பக்கமெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. அந்த ஜில்லாவில் ஆதிக்க சாதிக்காரர்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் புத்தகத்தில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆம்பளைங்க வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. பொம்பளைங்க ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. மறுவருஷம் ஜூனில் எட்டு பதினொன்றாக வளர்ந்தது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன.

முதல் எட்டில் மூன்று தடை துணியின் மேல். ஏன்? நிலத்தைப் பறித்தாயிற்று, கூலியை அமுக்கியாயிற்று. அதற்கு மேலும் ஒரு மனுஷியைத் தாழ்த்தி வைக்க அவள் உடம்பில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அப்படி ரவிக்கை மறுக்கப்பட்டவளின் பேத்திகள் இன்றைக்கு ரவிக்கை தைக்கப் படித்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். இதை வெறும் 'சுயதொழில்' என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது செய்தி. ஏழைப் பெண்களுக்கு, விதவைகளுக்கு, புருஷனால் கைவிடப்பட்டவர்களுக்கு அரசாங்கம் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்குது. அந்தத் திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம். யார் அந்த அம்மா? நம்ம அம்மா. 1967-ல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சர். 1974-ல் தி.மு.க.வை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கியவர். 1979-ல் மத்திய அமைச்சர். மிஷினை வாங்கிட்டுப் போகிற எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும்? பெயரை மிஷினில் வைத்தார்கள். கட்சியை விட்டு அவர் ஏன் வெளியேறினார் என்ற கேள்வியை யாரும் எங்கேயும் வைக்கவில்லை.

சரி, மிஷின் வந்தாச்சு. பிறகு?

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. இந்த ஊர் இல்லை, வேறொரு ஊரில் வாக்கப்பட்டவள். மிஷின் வாங்கிக் காலனி வீட்டுத் திண்ணையில் போட்டாள். அருமையான கைவேலை. கழுத்து வெட்டு, கை வளைவு எதிலும் ஒரு சுருக்கம் விழாது. முதல் மாசம் நாற்பது ப்ளவுஸ் தைத்தாள். அதில் இருபத்து மூன்று கடன். கடன் சொன்னவர்கள் மேல் தப்பில்லை. காலனியில் நாற்று நடப் போகிறவளுக்குக் கூலி வந்தால்தான் தையல்காரிக்குக் காசு வரும். மழை தவறினால் வயலில் வேலை இல்லை. வயலில் வேலை இல்லைன்னா அக்காவின் மிஷினும் ஓடாது.

ஊர்த்தெருவிலிருந்து துணி வராதா? வந்தது. எப்படி வந்தது என்பதுதான் விஷயம். ஒரு சின்னப் பையன் பையைக் கொண்டுவந்து திண்ணையில் வைப்பான். உள்ளே துணியும் ஒரு பழைய அளவு ப்ளவுஸும் இருக்கும். "அத்தை, இதே அளவாம்." துணிக்காரி ஒரு நாளும் வந்தது கிடையாது. அக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடா ஊர்த்தெரு உடம்பு ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. அளவு ப்ளவுஸ் கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானேன்னு கேட்பீங்க. உண்மைதான். ஆனால் அதே பொம்பளை பஜாரில் இருக்கிற டெய்லரிடம் நேரில் போய் நின்று அளவு கொடுக்கிறாளே, அது எப்படி? தையல் கற்றுக்கொடுக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுப்பதில்லை. சாதி என்பது யார் என்ன வேலை செய்யலாம் என்பதோடு நிற்பதில்லை. யாருக்குச் செய்யலாம், எந்தத் தெருவில் உட்கார்ந்து செய்யலாம் என்பதையும் அதுதான் வகுக்குது.

"அப்படின்னா ஜாப் ஒர்க் எடுக்கலாமே" என்பார்கள். ராஜபாளையம் பக்கம் தளவாய்புரம், செட்டியார்பட்டி. அங்கே தைக்கிற நைட்டி எங்கெங்கோ போகுது. வெட்டிய துணி பண்டலாக வரும், தைத்தது பண்டலாகப் போகும். கேரளாவிலோ ஆந்திராவிலோ அந்த நைட்டியைப் போடுகிறவள், தைத்த கை எந்தத் தெருக் கைன்னு கேட்கப் போவதில்லை. இது ஒரு விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கூலி பீஸ் கணக்கு. வீட்டில் வைத்துத் தைத்தால் நூல், ஊசி, கரண்டு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் பல நேரம் தைக்கிறவள் தலையில். இடுப்பு வலிக்கும் கண் எரிச்சலுக்கும் ரேட் கிடையாது. சீசன் இல்லைன்னா பண்டலும் இல்லை. அளவு எடுத்துத் தைத்தால் சாதி குறுக்கே நிற்குது. அளவு எடுக்காமல் தைத்தால் முதலாளி குறுக்கே நிற்கிறான். நம்ம பெண்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிட்டு நிற்கிறாங்க.

இனி நான் உட்கார்கிற இடத்தைப் பற்றிச் சொல்லணும். நான் வங்கி குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். 1972-லேயே நாலு சதவீத வட்டிக் கடன் என்று ஒன்று வந்தது. பரம ஏழைகளுக்கு, அதில் நாற்பது சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குப் போகணும் என்பது விதி. 2010-ல் ரிசர்வ் வங்கி, சிறுதொழில் கடனுக்குப் பத்து லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. 2015-ல் முத்ரா. காகிதத்தில் குறையே இல்லை. நான் வேலை பார்த்த ஒரு கிளையில், மிஷின் கடன் கேட்டு வந்த ஒரு அக்காவிடம் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "ஜாமீன் போட ஊருக்குள்ள யாரும் இருக்காங்களா?" கேட்கக் கூடாத கேள்வி அதுன்னு எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. புதுசாகச் சேர்ந்திருந்தேன், பயம். அந்த அக்கா படி இறங்கிப் போன முதுகு இன்னும் கண்ணில் நிற்குது. அதற்கப்புறம் நான் வாயை மூடவில்லை. விதியை எழுதி எடுத்துட்டுப் போங்க. மறுத்தால் எழுத்தில் கேளுங்க. வாய்வார்த்தையில் மறுக்கிற பலர் எழுத்தில் மறுக்கத் தயங்குவாங்க.

மாணவர்களுக்கு ஒன்று. 2023-ல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. பதினெட்டுத் தொழில்களில் தையலும் உண்டு. அதில் குடும்பப் பாரம்பரியத் தொழில் என்ற நிபந்தனை இருந்தது. தமிழ்நாடு அரசு 2024-ல் அதை ஏற்க மறுத்து, சாதி பார்க்காத கைவினைத் திட்டத்தைத் தனியாக அறிவித்தது. மறுத்தது சரி. நம்ம பாட்டியின் பாரம்பரியத் தொழில் எது? தேவதானம் என்றால் கோயிலுக்குத் தானமாக விட்ட நிலம். அந்த மாதிரி நிலத்தில் நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொடுத்ததுதான் நம்ம பாரம்பரியம். தையல் நமக்குப் பரம்பரை இல்லை. பரம்பரையை அறுத்துக்கொண்டு வந்ததால்தான் அதற்கு மதிப்பு.

அப்போ என்ன செய்யலாம்? மூன்று சொல்கிறேன்.

ஒன்று: தனித்தனியாகத் திண்ணையில் உட்கார வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து, காலனிக்குள் இல்லாமல் மெயின் ரோட்டில், பஸ் நிறுத்தம் பக்கம் கடை பிடிங்க. வாடகை கூடத்தான். ஆனால் அங்கே அளவு நாடா வெளியே தெரியும். வருகிறவள் வரட்டும்.

இரண்டு: பள்ளிச் சீருடை. 1985-லிருந்து அரசு இலவசச் சீருடை கொடுக்குது. அதைத் தைப்பது சமூகநலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். அதில் உறுப்பினராகுங்க. யாருக்கு எத்தனை துணி பிரித்துக் கொடுக்கிறாங்கன்னு நோட்டில் எழுதுங்க. சீருடையைப் பார்த்து எது யார் தைத்ததுன்னு எந்த வாத்தியாராலும் சொல்ல முடியாது.

மூன்று: சங்கம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொலை செய்யப்பட்டாள். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் அதை ஒரு துக்கச் செய்தியாக விட்டுவிடவில்லை. போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடும் உலகப் பெரிய துணிக் கம்பெனியோடும் ஒப்பந்தம் போட வைத்தது. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதைச் செய்தார்கள்.

முடிக்கிறேன். எங்கம்மா வயலுக்குப் போகும்போது எங்கப்பாவின் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கிட்டுப் போவா. தன் அளவுக்கு ஒரு ரவிக்கை தைத்துப் போட்டதே இல்லை. யாராவது கொடுத்ததைப் பிடித்துப் போட்டுக்கொள்வாள். அக்கா மிஷின் வாங்கின புதுசில் அம்மாவை நிற்க வைத்து அளவெடுத்தாள். தோளில் நாடா பட்டதும் அம்மா கூசிப்போய், "எனக்கு எதுக்குத் தாயி அளவெல்லாம்?" என்றாள். "அசையாம நில்லு சின்னம்மா" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, அக்கா நோட்டில் அம்மா பெயரை எழுதி, பக்கத்தில் அளவைக் குறித்தாள்.

அந்த நோட்டு இன்னும் எங்க வீட்டில் இருக்கு.

ஜெய் பீம்.