காப்பு நகலும் மீட்புச் சோதனையும்

நம் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பதிவேடுகளிற் பெரும்பகுதி இன்று கணிப்பொறியிலேயே இருக்கின்றது. அக்கணிப்பொறியும் பல இடங்களில் தனிப் பெட்டி அன்று. ஒரே பெரிய இயந்திரத்தினுள், மென்பொருளின் துணையால், பல கணிப்பொறிகள் ஒரு வீட்டின் பல குடித்தனங்கள் போலத் தனித்தனியே இயங்குகின்றன. இவற்றை மெய்நிகர்க் கணிப்பொறிகள் என்கிறோம்.

இத்தகைய கணிப்பொறி ஒன்று, அதன் வட்டு உட்பட, சில கோப்புகளாகவே அமைந்தது. ஆதலால் அதற்குக் காப்பு நகல் எடுத்தல் எளிது என்று தோன்றும். ஆயின், கணக்கர் எழுதிக்கொண்டே இருக்கும் பேரேட்டை நாம் பக்கம் பக்கமாகப் படியெடுத்தால் என்ன ஆகும்? முதற் பக்கம் காலைக் கணக்காகவும் கடைசிப் பக்கம் மாலைக் கணக்காகவும் அமையும். இக்குறையைத் தவிர்ப்பதற்கே 'ஸ்நாப்ஷாட்' என்னும் முறை ஏற்பட்டது. குறித்த நொடியில் வட்டின் நிலையை அப்படியே நிறுத்திவிட்டு, பின்வரும் மாற்றங்களைத் தனிக் கோப்பொன்றில் எழுதுவது இதன் ஒரு வகை. நகல் முடிந்ததும் அக்கோப்பு மூலத்தோடு சேர்க்கப்படும்.

கோளாறுகள் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் தோன்றுகின்றன. சேர்க்கை நிகழாவிடில் தனிக் கோப்பு வளர்ந்து, சேமிப்பிடத்தை நிரப்பி, கணிப்பொறிகளையே நிறுத்திவிடக்கூடும். எனவே, நகல் தவறினால் எஞ்சிய ஸ்நாப்ஷாட்டுகளையும் காலியிடத்தையும் முதலில் பார்த்தல் வேண்டும். அடுத்து, தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் நகல் எடுக்கப்பட்டதா என்று நோக்க வேண்டும். விண்டோஸில் வி.எஸ்.எஸ். என்னும் பணி, நிரல்களைச் சற்றே நிதானிக்கச் செய்கிறது. அது தவறினால் கிடைக்கும் நகல், திடீரென மின்சாரம் நின்ற கணிப்பொறியை ஒத்தது. அது மீண்டும் இயங்கலாம், பழுது பார்க்கவும் நேரலாம்.

இவற்றினும் கொடியது, ஓசையின்றித் தவறும் நகல். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிறுவனத்தில், பழுது நீக்க முயன்ற பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். நகல்களைத் தேடியபோது உண்மை வெளிப்பட்டது. நகலெடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாமையால் நாள்தோறும் எடுக்க வேண்டிய நகல் உருவாகவே இல்லை. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தன. வட்டு ஸ்நாப்ஷாட் வசதியோ தரவுத்தள சர்வர்களுக்கு அமைக்கப்படவே இல்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு சோதனைக்காக எடுத்த ஸ்நாப்ஷாட் ஒன்றே அவர்களைக் காத்தது. அந்த இடைவேளையில் பதிந்த தரவுகள் திரும்பவில்லை. நிகழ்ந்ததனைத்தையும் அந்நிறுவனமே வெளியிட்டது போற்றத்தக்கது. பிறரும் பாடம் கற்க அது வழி செய்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முடிவு யாது? பணி முடிந்ததென்று திரையில் தோன்றும் பச்சைக் குறி, நகல் நலமாயுள்ளது என்பதற்குச் சான்றாகாது. மீட்டுப் பார்ப்பதே சான்று. இதில் மெய்நிகர்க் கணிப்பொறி நமக்கு ஒரு பெரும் வசதி தருகின்றது. புதுப் பெட்டி வாங்காமலே, நகலிலிருந்து கணிப்பொறியைத் தனித்த வலையமைப்பில் எழுப்பிப் பார்க்கலாம். அது தொடங்குகிறதா, நேற்றைய பதிவு திறக்கிறதா, முழுதும் மீள எத்துணை நேரம் ஆகிறது என்னும் மூன்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். மூலம் இருக்கும் நிறுவனத்திற்கு வெளியே ஒரு நகலேனும் இருத்தலும் வேண்டும்.

குடிமக்களின் ஓய்வூதியமும் நிலப்பதிவும் இக்கோப்புகளை நம்பியுள்ளன. விளக்கில் எண்ணெய் உண்டா என்பதை இருட்டுமுன் பார்ப்பதே அறிவுடைமை.