தெர்மல் பேஸ்ட்டும் தூத்துக்குடி மே மாசமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "ப்ரோ, பிசி அசெம்பிள் பண்ணிட்டேன், ஓவர்கிளாக் பண்ணலாமா?" பதில் சொல்றதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடறேன்.

போன மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி. ரூம்ல 36 டிகிரி. ஆபீஸ் வேலை ஒண்ணு கம்பைல் ஆகிட்டு இருக்கு, சாயங்காலம் ரிலீஸ். திடீர்னு ஸ்க்ரீன் கறுப்பு. கரண்ட் போச்சுன்னு நினைச்சு மேல பார்த்தா ஃபேன் சுத்துது. மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகுது. டெம்பரேச்சர் லாக்ல கடைசி வரி: 98 டிகிரி.

இத்தனைக்கும் டிசம்பர்ல அதே செட்டிங்கை ராத்திரி முழுக்க டெஸ்ட் பண்ணேன். 89ஐத் தாண்டல. அப்போ ரூம் 27 டிகிரி. கணக்கைப் பாருங்க: ரூம் 9 டிகிரி ஏறிச்சு, சிப்பும் 9 டிகிரி ஏறிச்சு. கூலர் சிப்பைக் குளிர வைக்கிற மெஷின் இல்ல. சிப்போட சூட்டை ரூம் காத்துக்குக் கடத்துற வழி, அவ்வளவுதான். நம்ம ஊர் அனல்மின் நிலையத்துக்குக் கடல் இருக்கு, சூட்டை அதுல இறக்கலாம். நமக்கு இருக்கறது இந்த ரூம் காத்துதான். குளிர் தேசத்து யூடியூபர் 21 டிகிரி ரூம்ல காட்டுற நம்பர் கூட, நீங்க குறைஞ்சது 15 டிகிரி கூட்டித்தான் படிக்கணும்.

சூடு ஏற ஏற ஓவர்கிளாக்கோட ஸ்திரத்தன்மையும் போகும். 89ல நின்ன செட்டிங் 98ல நிக்கல.

சரி, கூலரைக் கழட்டிப் பார்ப்போம்னு இறங்கினேன். அங்கதான் பெரிய தப்பு பண்ணேன். பழைய பேஸ்ட் குளிர்ந்து இறுகி இருந்தா கிட்டத்தட்ட கோந்து மாதிரி. நான் சூடு பண்ணாம, திருகாம, நேரா மேல இழுத்தேன். பிராசஸரும் சேர்ந்து வந்துடுச்சு. என்னோடது பின்கள் சிப்போட அடியிலயே இருக்கிற வகை. ரெண்டு பின் வளைஞ்சிருந்துச்சு. அஞ்சு மாசம் சேர்த்து வச்ச காசு மக்கா அது. லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சில் முனையை ஒவ்வொரு பின்னுலயும் மாட்டி, மூச்சை அடக்கிக்கிட்டு நிமிர்த்தினேன். நல்லவேளை, உடையல. நீங்க பண்ணும்போது முதல்ல பத்து நிமிஷம் மெஷினை ஓட்டிச் சூடாக்குங்க. ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டி, கூலரை இடம் வலமா மெதுவாத் திருகி, அப்புறம் தூக்குங்க.

தூக்கினதும் காரணம் தெரிஞ்சிடுச்சு. பேஸ்ட் ஒரு பக்கம் மெல்லிசாப் பரவியிருக்கு, இன்னொரு பக்கம் தடியா அப்படியே இருக்கு. மாட்டும்போது ஒரு ஸ்க்ரூவை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கேன். கூலர் சாஞ்சு உட்கார்ந்திருச்சு.

பேஸ்ட் எதுக்குன்னு இங்க புரிஞ்சுக்கணும். சிப்போட மூடியும் கூலரோட அடியும் பார்க்க வழவழன்னு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. பள்ளத்துல காத்து நிக்கும். சூட்டைக் கடத்துறதுல செம்பு 400னா, காத்து அதே அளவுகோல்ல 0.026. நல்ல பேஸ்ட் 5லேர்ந்து 12 வரை. அதாவது பேஸ்ட் காத்தைவிட எத்தனையோ மடங்கு மேல், ஆனா உலோகத்தைவிட ரொம்பக் கீழ். பள்ளத்தை நிரப்பினாப் போதும், தனியா ஒரு லேயர் வேண்டாம். மருதாணி மாதிரி அப்பக் கூடாது.

செய்முறை இதுதான். 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் நூல் பிரியாத துணியும் வச்சு ரெண்டு பரப்பையும் துடைங்க. சதுர மூடி உள்ள சிப்புன்னா நடுவுல ஒரு பட்டாணி அளவு. நீளமான மூடின்னா ஒரு கோடு. கூலரை நேரா இறக்குங்க, தூக்கித் தூக்கிப் பார்க்காதீங்க, இடையில காத்து மாட்டும். ஸ்க்ரூவைக் குறுக்கு மறுக்கா, ஆளுக்கு ரெண்டு சுத்துன்னு மாத்தி மாத்தி முறுக்குங்க. புதுக் கூலர்னா அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை உரிச்சாச்சான்னு பாருங்க. சிரிக்காதீங்க, தினமும் யாரோ ஒருத்தர் மறக்கறாங்க.

திரும்ப மாட்டினதுக்கு அப்புறம், அதே 36 டிகிரி ரூம்ல, அதே ஓவர்கிளாக்ல 86. பன்னிரண்டு டிகிரி குறைஞ்சிருச்சு. பேஸ்ட் அதே டியூப்தான், மாட்டின விதம்தான் வேற.

இப்போ உப்பு. நம்ம ஊர்ல இதைப் பேசாம முடியாது. முத்தையாபுரம் பக்கம் போனா ரோடு ஓரமே உப்பளம், இந்தப் பக்கம் கடல். காத்துல உப்பு வரும், அதை ஃபேன் உள்ள இழுக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையும். போர்டு மேல படிஞ்ச தூசி அப்போ உப்புத்தண்ணிப் படலம் ஆயிடும். அதுல கரண்டும் பாயும், துருவும் பிடிக்கும். ஓடிக்கிட்டு இருக்கிற மெஷின் உள்ளே சூடு, அதனால காய்ஞ்சு இருக்கும். வாரக்கணக்குல ஆஃப் பண்ணி வச்ச மெஷினுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால ஜன்னல் பக்கம் வைக்காதீங்க, காத்து நுழையற இடத்துல ஃபில்டர் போடுங்க, மாசம் ஒரு தடவை புளோயர் அடிங்க. ஊருக்குப் போயிட்டு வந்தீங்கன்னா ஒரு பார்வை பார்த்துட்டு ஆன் பண்ணுங்க.

கடைசியா அந்தக் கேள்வி. ஓவர்கிளாக் பண்ணலாமா? சிப் இழுக்கிற பவர், வேகத்தோட நேரடியாவும் வோல்டேஜோட வர்க்கமாவும் ஏறும். நான் 4.2 கிகாஹெர்ட்ஸை 4.6 ஆக்க, 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினேன். பெருக்கிப் பாருங்க: வேகம் சுமார் 10 சதவீதம் கூட, சூடு சுமார் 39 சதவீதம் கூட. அந்தப் பத்து சதவீதத்துல எனக்கு மிச்சமானது, 22 நிமிஷ கம்பைல்ல 2 நிமிஷம். அதுக்காக ஒரு ரிலீஸையும் ரெண்டு பின்னையும் பணயம் வச்சிருக்கேன்.

இப்போ பழைய செட்டிங்குக்கே திரும்பிட்டேன். மத்தியானம் 72 டிகிரி. ஃபேன் சத்தம் குறைஞ்சதுல இந்த ரெக்கார்டிங்கும் தெளிவா இருக்கு, கவனிச்சிருப்பீங்க.

வேண்டாம்னு சொல்லல. கத்துக்கறதுக்கு ஓவர்கிளாக் மாதிரி வாத்தியார் கிடையாது. ஆனா பண்ணினா டிசம்பர் ராத்திரியில டெஸ்ட் பண்ணி நிம்மதியாத் தூங்கிடாதீங்க. மே மாசம், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்க. அதுல நின்னாத்தான் அது தூத்துக்குடி செட்டிங்.

அடுத்த வாரம் பார்ப்போம். வரட்டுமா.