இடுப்பு வலின்னா எங்க வலி?

பாண்டிச்சேரியில இருந்து பேசுறேன். வழக்கமா இங்க கோடிங், வேலை, இன்டர்வியூன்னு பேசுவோம். இந்த வாரம் ஒரே ஒரு மூட்டைப் பத்திதான் பேச்சு. தொடை எலும்போட பந்து, இடுப்பெலும்போட கிண்ணத்துல உட்கார்ற மூட்டு. அதுல தேய்மானம் வந்தா உடற்பயிற்சி எவ்வளவு உதவும், எங்க நின்னுடும்னு பார்க்கலாம். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். எங்க அம்மாவுக்கு 61 வயசு, அவங்களுக்கு இது வந்ததால ஒன்றரை வருஷமா படிச்சதையும் பார்த்ததையும் சொல்றேன்.

முதல் சிக்கல் மொழியிலயே ஆரம்பிக்குது. நம்ம வீட்டுல "இடுப்பு வலி"ன்னா அது பெரும்பாலும் கீழ் முதுகு. ஆனா இந்த மூட்டு கெட்டா வலிக்கிற இடம் தொடை இடுக்கு, தொடையோட முன்பக்கம், சில பேருக்கு முட்டி. எங்க அம்மா "முட்டி வலிக்குது"ன்னுதான் சொன்னாங்க. நாலு மாசம் முட்டிக்குத் தைலம், முட்டிக்கு உறை, முட்டிக்கு எக்ஸ்ரே. முட்டி வயசுக்கு ஏத்த மாதிரி நல்லாவே இருந்துச்சு. அப்புறம் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் அம்மாவைப் படுக்க வெச்சு, காலை மடக்கி, பாதத்தை மெதுவா வெளிப்பக்கம் திருப்பினாங்க. அம்மா "ஐயோ"ன்னு கையைப் பிடிச்சிட்டாங்க. "உங்க பிரச்சினை முட்டியில இல்லம்மா, அதுக்கு மேல இருக்கு"ன்னாங்க. அடுத்த எக்ஸ்ரே அதையே சொல்லுச்சு.

வீட்டுலயே சில அடையாளம் தெரியும். கால் நகம் வெட்ட முடியாது. மெட்டியைச் சரி பண்ண எட்டாது. தரையில சம்மணம் போட்டா ஒரு பக்க முட்டி மட்டும் தூக்கிட்டு நிக்கும். ஆட்டோவுல ஏறும்போது காலைக் கையால தூக்கி வைப்பாங்க. இதெல்லாம் "வயசாயிடுச்சு"ன்னு தள்ளிட்டுப் போறோம்.

பேர் தெரிஞ்சதும் எங்க வீட்டுல கிடைச்ச முதல் மருந்து பாசம். "எலும்பு தேஞ்சிருக்கு, நீ நடக்காத, உட்காரு"ன்னு அத்தை, சித்தி, பக்கத்து வீடுன்னு எல்லாரும் சொன்னாங்க. காலையில பீச் ரோட்டுக்குப் போறது நின்னுச்சு. அப்புறம் மார்க்கெட். அப்புறம் வாசல்ல கோலம். மூணு மாசத்துல அந்தப் பக்கத் தொடை கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு மெலிஞ்சுது. வலி குறையல, கூடுச்சு.

ஏன்னு கேட்டா, நாம இந்த மூட்டை வண்டி டயர் மாதிரி நினைக்கிறோம். ஓட ஓடத் தேயும், நிறுத்தி வெச்சா மிச்சமாகும்னு. ஆனா இது உயிரோட இருக்கிற பொருள். பெரியவங்களோட குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல இருந்துதான் அதுக்கு ஊட்டம். ஸ்பாஞ்ச் மாதிரி அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுதான் அது உள்ள போகும். அசைவே இல்லன்னா அதுவும் குறையும், சுத்தி இருக்கிற தசையும் கரையும்.

தசை கரைஞ்சா என்ன ஆகும்னு ஒரு நெம்புகோல் கணக்கு போடலாம். 60 கிலோ ஆள் ஒரு கால்ல நிக்கிறாங்க. நிக்கிற காலைக் கழிச்சா மேல சுமார் 50 கிலோ. அந்த எடை மூட்டுல இருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி இறங்குது. அதைச் சாயாம பிடிக்கிற பக்கவாட்டுத் தசை மூட்டுல இருந்து 5 சென்டிமீட்டர்தான் தள்ளி இருக்கு. அப்போ தசை 100 கிலோ விசையில இழுக்கணும். மூட்டு மேல விழுறது மொத்தம் 150. ஒவ்வொரு அடியிலயும் இதுதான் நடக்குது. தசை பலவீனமானா உடம்பு ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நடக்கும்.

கைத்தடிக்கும் இதே கணக்குதான். வலிக்கிற பக்கத்துக் கையிலதான் எல்லாரும் தடியைப் பிடிக்கிறாங்க. எதிர்க் கையில பிடிக்கணும். அந்தக் கை மூட்டுல இருந்து தூரமா இருக்கிறதால, 5 கிலோ ஊன்றினாலே காகிதக் கணக்குல அந்த 150 கிட்டத்தட்ட 100க்கு இறங்கிடும். நிஜமா நடக்கும்போது அவ்வளவு குறையாது. ஆனா குறையும். அம்மா ரொம்ப நாள் தடியை எடுக்க மாட்டேன்னாங்க, கிழவி மாதிரி தெரியுமாம். இந்தக் கணக்கைச் சொன்னதும் "சரி, இருட்டுல மட்டும்"னாங்க.

இப்போ பயிற்சி. அம்மாவுக்குக் கொடுத்தது நாலுதான். ஒண்ணு, மல்லாக்கப் படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குறது. ரெண்டு, சமையல் மேடையைப் பிடிச்சிட்டுக் காலைப் பக்கவாட்டுல தூக்குறது. மூணு, நாற்காலியில இருந்து கையை ஊன்றாம எழுந்து உட்கார்றது. நாலு, வாசல் படியில ஒரு படி ஏறி இறங்குறது. ஒவ்வொண்ணும் 10 தடவை, ரெண்டு மூணு சுற்று, வாரத்துக்கு மூணு நாள். சுலபமான பிறகு கூட்டணும். கூட்டாம ஒரே அளவுல விட்டா மாத்திரையைப் பாதி முழுங்கின மாதிரி. உங்களுக்கு எது சரின்னு ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் பார்த்துதான் சொல்லணும்.

"வலிச்சா நிறுத்தணுமா?"ங்கிறதுதான் எல்லாரும் கேட்குறது. எங்களுக்குச் சொன்ன விதி: வலிக்கு 10க்கு மார்க் போடுங்க. 5 வரைக்கும் பரவாயில்ல. ஆனா அடுத்த 24 மணி நேரத்துக்குள்ள பழைய அளவுக்கு இறங்கணும். இறங்கலன்னா அடுத்த முறை குறைச்சுக்கணும். அம்மா காலண்டர்ல தினமும் அந்த மார்க்கை எழுதுறாங்க. பயம் போனது அந்த நம்பராலதான்.

சரி, இது எவ்வளவு வேலை செய்யும்? 2022ல வந்த பிரிட்டனோட நைஸ் வழிகாட்டி, மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லாருக்கும் உடற்பயிற்சியைத்தான் முதல்ல வைக்குது. ஆனா அது மாயம் கிடையாது. 2014ல ஆஸ்திரேலியாவுல இந்த மூட்டுத் தேய்மானம் உள்ள 102 பேரை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு நிஜ ஃபிசியோதெரபி, இன்னொரு பாதிக்கு ஓடாத அல்ட்ராசவுண்ட் மெஷின். ரெண்டு பக்கமும் வலி குறைஞ்சது, பெரிய வித்தியாசம் இல்ல. அதே வருஷம் காக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சியால வலி ஓரளவு குறையுதுன்னு சொல்லுச்சு. "ஓரளவு"ங்கிற வார்த்தையை நாம மறைக்கக் கூடாது.

இன்னொண்ணு, 2024ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த டென்மார்க் ஆய்வு. ஆபரேஷன் தேவைப்படுற அளவுக்குத் தேய்ஞ்ச 109 பேர். பாதிப் பேருக்கு மூட்டு மாற்று, மீதிப் பேருக்கு 12 வாரம் எடைப் பயிற்சி. 48 மார்க் அளவுகோல்ல ஆறு மாசம் கழிச்சு ஆபரேஷன் ஆட்களுக்கு சுமார் 16 மார்க் கூடுச்சு, பயிற்சி ஆட்களுக்கு 4.5. ஆபரேஷன் தெளிவா ஜெயிச்சது. அதே நேரம், பயிற்சிப் பக்கத்துல அஞ்சுல ஒருத்தர்தான் அந்த ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷனுக்கு மாறினாங்க.

இதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிறேன். தேய்மானம் முத்தினவங்களை "பயிற்சி பண்ணுங்க, சரியாயிடும்"னு வருஷக்கணக்கா வலியில வைக்கிறது தப்பு. ஆரம்பத்துலயும் நடுவுலயும் இருக்கிறவங்களை "எப்படியும் ஆபரேஷன்தான், அதுவரைக்கும் உட்காரு"ன்னு சொல்றதும் தப்பு. ஆபரேஷனுக்குப் போனாலும் எழுந்து நடக்க அதே தசைதான் வேணும்.

அம்மாவோடது நடு நிலை. எப்போ ஆபரேஷனைப் பத்தி யோசிக்கணும்னு அவங்களே மூணு கோடு போட்டிருக்காங்க: வலியில தூக்கம் கெட்டா, தெருமுனைக் கடைக்கு நடக்க முடியாம போனா, மாத்திரை தினசரி ஆனா. முடிவு அவங்களோடது. இப்போ சாயங்காலம் வண்டிங்களை நிறுத்தின பிறகு பீச் ரோட்டுல நடக்குறாங்க. சமதரை, கால் வலிச்சா உட்கார இடம் உண்டு. முன்ன நடந்த தூரத்துல பாதிதான். சம்மணம் இன்னும் முடியல, கோலம் முக்காலி போட்டு.

ரெண்டு எச்சரிக்கை. விழுந்த பிறகு கால் ஊன்ற முடியலன்னாலோ, காய்ச்சலோட மூட்டு வலி வந்தாலோ பயிற்சி பண்ணாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. 30, 40 வயசுல தொடை இடுக்கு வலி வந்தா, குறிப்பா ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்தவங்களும் அதிகம் குடிக்கிறவங்களும், தேய்மானம்னு நீங்களே முடிவு கட்டாதீங்க. பந்துக்குப் போற ரத்த ஓட்டம் நின்னாலும் இப்படி வலிக்கும், அதுக்கு வழி வேற. நம்ம ஊர்ல கோரிமேடு ஜிப்மர்ல எலும்பு மூட்டுப் பிரிவும் மறுவாழ்வு மருத்துவப் பிரிவும் இருக்கு.

டாக்டர்கிட்ட போகும்போது "இடுப்பு", "முட்டி"ன்னு சொல்றதோட நிறுத்தாதீங்க. வலிக்கிற இடத்தை ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க. எந்த வேலை முடியலன்னும் சொல்லுங்க. எங்க வீட்டுல நாலு மாசம் போனது அந்த ஒரு வார்த்தையாலதான்.

உங்க வீட்டுல யாராவது நடக்காம உட்கார்ந்துட்டாங்கன்னா இந்த எபிசோடை அவங்களோட சேர்ந்து கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.