விளையாட்டாக ஓர் ஆள்சேர்ப்பு



பட்டமளிப்பு உரை என்றால் கனவு காணச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். இந்த அரங்கில் கணினி அறிவியலும் காட்சித் தொடர்பியலும் முடித்தவர்கள் நிறைய இருக்கிறீர்கள். சிலர் அடுத்த மாதமே கேம் தயாரிக்கும் நிறுவனங்களில் சேரப்போகிறீர்கள். உங்களுக்குக் கனவைவிட ஒரு கேமின் இருபதாண்டுக் கதை உபயோகப்படும்.

2002 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். அன்று அமெரிக்க ராணுவம் இணையத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை வெளியிட்டது. பெயர் ‘அமெரிக்காஸ் ஆர்மி’. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். யோசனை சொன்னவர் கர்னல் கேசி வார்டின்ஸ்கி. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பணியாற்றிய பொருளாதார வல்லுநர். செய்துகொடுத்தது கலிபோர்னியாவின் மான்டெரேயில் இருக்கும் கடற்படை முதுநிலைக் கல்லூரியின் ‘மூவ்ஸ்’ ஆய்வு நிறுவனம். கடைகளில் விற்ற பெரிய கேம்கள் ஓடிய அதே ‘அன்ரியல்’ எஞ்சினில்தான் இதுவும் ஓடியது.

கேமுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை 1973-இல் முடிந்துபோனது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பல்லாயிரம் பேரைப் பேசிச் சம்மதிக்கவைத்துத்தான் சேர்க்க வேண்டும். 1999-இல் ராணுவம் தன் இலக்கை எட்ட முடியாமல் திணறியது. வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்து மாமா உட்கார்ந்து கதை சொன்ன காலம் மலையேறிவிட்டது. பையன்களுக்கு ராணுவம் என்றால் சினிமாவில் பார்த்ததுதான். அந்த மாமாவின் இடத்தில் ஒரு கேமை உட்காரவைத்தால் என்ன என்பதுதான் கணக்கு. செலவும் பெரிதில்லை. 2009-இல் வெளிவந்த கணக்கின்படி பத்தாண்டில் ஏறக்குறைய 3.3 கோடி டாலர். ஒரே ஒரு எஃப்-35 போர் விமானத்தின் விலையில் பாதிகூட ஆகாது.

கேம் நன்றாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எடுத்ததும் சுட விடமாட்டார்கள், முதலில் பயிற்சி. பயிற்சியாளரைச் சுட்டால் அடுத்த நொடி லெவன்வொர்த் ராணுவச் சிறையில் கம்பிக்குப் பின்னால் நிற்க வேண்டும். மருத்துவ உதவியாளர் ஆக ஆசையா? திரையில் ஒரு வகுப்பறை வரும்; உட்கார்ந்து முதலுதவிப் பாடம் கேட்டு, தேர்வு எழுதித் தேற வேண்டும். 2007-இல் வட கரோலினாவில் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த காரிலிருந்து இருவரைக் காப்பாற்றிய ஓர் இளைஞர், அந்தக் கேமில் கேட்ட பாடம்தான் கைகொடுத்தது என்றார். ராணுவம் அந்தச் செய்தியை விடுமா? ஊரெல்லாம் பரப்பியது.

அதற்குள் ஒரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. இரண்டு அணிகள் மோதும்போது யாராவது எதிரியாக ஆடியாக வேண்டும் அல்லவா? இந்தக் கேமில் யாரும் எதிரி இல்லை. தன் திரையில் தானும் தன் அணியும் அமெரிக்கச் சிப்பாய்களாகவே தெரிவார்கள். எதிரணிதான் எதிரியின் உடையில் வரும். எதிரணிக்காரர் திரையிலும் அப்படியே, தலைகீழாக. ஆக, லட்சக்கணக்கானோர் சுட்டுக்கொண்டும் சாய்ந்துகொண்டும் இருந்தார்கள். அடுத்த பக்கத்தில் நின்று ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

ரத்தமும் அளவோடுதான். பதின்ம வயதினர் ஆடலாம் என்ற சான்றிதழ் வாங்க வேண்டுமே! 13 வயதுக்காரருக்கு ஏற்றது என்று முத்திரை கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தில் சேரக் குறைந்தபட்ச வயது 17, அதுவும் பெற்றோர் கையெழுத்தோடு. குழந்தைகளைப் போரில் ஈடுபடுத்துவது பற்றிய ஐ.நா. விருப்ப நெறிமுறையை அமெரிக்கா ஏற்றதும் இதே 2002-இல்தான். 17 வயதுக்குக் கீழே ஆளெடுப்பதில்லை என்ற வாக்குறுதியும் கொடுத்தது. ஆளெடுக்காமல் ஆசையை மட்டும் வளர்த்துவைத்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கம் 2008-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டு இந்தக் கேள்வியை எழுப்பியது.

அதற்கும் முன்பே ஒருவர் கேமுக்குள்ளேயே போய்க் கேட்டுவிட்டார். நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகத்தில் கலைப் பேராசிரியராக இருந்த ஜோசப் டிலாப், 2006 மார்ச்சில் இந்தக் கேமில் உறுப்பினரானார். அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘ஈராக்கில் இறந்தவன்’ என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயர். ஆட்டம் தொடங்கும், அவர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்வார். ஈராக்கில் உயிரிழந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயின் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி. அடுத்த வரியில் அடுத்தவர். சும்மா நிற்கிறவரை யாராவது சுட்டுவிடுவார்கள். செத்துக் கிடந்தபடியே தட்டச்சு தொடரும். ஆடுகிறவர்கள் வாயை மூடச் சொல்வார்கள், ஓட்டுப் போட்டு வெளியேற்றுவார்கள். மறுபடி வருவார். 2011 இறுதியில் அமெரிக்கப் படைகள் ஈராக்கைவிட்டு வெளியேறும் வரை இது நடந்தது. பட்டியல் 4,000 பெயர்களைத் தாண்டியது. அத்தனை பொறியாளர்கள் சேர்ந்து செய்த கேமில், விட்டுப்போன ஒரே பாடத்தைத் தனி ஆளாகச் சேர்த்தவர் அவர்.

இடையில் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு மாலில், 2008-இல், ராணுவத்தினர் சுமார் 1.2 கோடி டாலர் செலவில் ஓர் ‘அனுபவ மையம்’ திறந்தார்கள். ஹம்வி வண்டி, அப்பாச்சி ஹெலிகாப்டர் மாதிரிகளில் ஏறிச் சுடலாம். எதிர்ப்பு ஊர்வலம், கைது எல்லாம் நடந்தது. இரண்டே ஆண்டில் மூடிவிட்டார்கள்.

2018-இல் மறுபடியும் ஆள் பற்றாக்குறை: 76,500 பேர் வேண்டும், 6,500 குறைந்தது. இந்தத் தடவை கேம் செய்யவில்லை; கேம் ஆடுகிறவர்களையே தேடிப் போனார்கள். கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் ராணுவத்துக்கென்று ஓர் இ-ஸ்போர்ட்ஸ் அணி உருவானது. கேம் ஆடுவதை நேரலையாகக் காட்டும் ட்விட்ச் தளத்தில் சிப்பாய்கள் ஆட, சிறுவர்கள் சாட்டில் பேசலாம். 2020 ஜூலையில் அந்தச் சாட்டில் அமெரிக்கப் போர்க்குற்றங்களைப் பற்றிக் கேட்டவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றினார்கள். வடிகட்டியில் சிக்காமலிருக்க சில எழுத்துகளுக்குப் பதில் எண்களைப் போட்டுக் கேட்டவர்களும் தப்பவில்லை. அரசு நடத்தும் பொது அரங்கில் கருத்துக்காக ஒருவரைத் தடுப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நைட் நிறுவனம் கடிதம் எழுதியது. ராணுவம் நேரலையை நிறுத்திவைத்தது. தடைகளை நீக்கிவிட்டுத்தான் திரும்பி வந்தது.

அதே மாதம் இன்னொன்றும் அம்பலமானது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பரிசு என்று ஓர் இணைப்பு. அழுத்தினால் திறந்தது ஆள்சேர்ப்புப் படிவம்! பரிசைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ட்விட்ச் நிறுவனமே அதை எடுக்கச் சொல்லிவிட்டது. ட்விட்ச் வழியாக ஆள் திரட்ட அரசுப் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்டிரியா ஒகாசியோ-கோர்டெஸ் கொண்டுவந்த திருத்தம் 126-க்கு 292 என்று தோற்றது. அமைதிக் குழுக்களைவிட ஆச்சரியமான எதிர்ப்பு அமெரிக்க ஆயுதப் படைகளுக்கு உள்ளேயிருந்தே வந்தது. மரீன் படை, போர் என்பது கேமாக்க முடியாத அளவுக்குத் தீவிரமான காரியம் என்று சொல்லி இ-ஸ்போர்ட்ஸ் அணியே வேண்டாமென்றது. மரீன்கள் சொன்னதுதான் சரி.

ராணுவம் ஆள் தேடுவது குற்றமில்லை. சம்பளம், படிப்பு, மரியாதை என்று சொல்லி அழைக்க அதற்கு உரிமை உண்டு. ஆனால் வேலையின் பாதியைக் காட்டிவிட்டு மீதியைக் கேட்டவரை வெளியேற்றுவதும், பரிசைக் காட்டித் தொலைபேசி எண் வாங்குவதும் ஏமாற்று. கேம் வழியாக ஆள் தேடுவது அமெரிக்காவோடு நிற்கவும் இல்லை. இந்திய விமானப்படை 2019 ஜூலையில் வெளியிட்ட கைபேசி கேமில், அப்போது புகழ்பெற்றிருந்த விமானப்படை விமானி அபிநந்தனின் மீசையோடு ஒரு பாத்திரம் வந்தது. அந்த மீசைக்கு அப்போது இருந்த மவுசு தமிழ்நாட்டுக்குத் தெரியாததில்லை. இளைஞர்களைப் படையின் பக்கம் ஈர்ப்பதுதான் அதற்கும் நோக்கம்.

அமெரிக்காஸ் ஆர்மியின் சர்வர்கள் 2022 மே மாதம் அணைந்தன. அந்த நிதியாண்டில் ராணுவத்துக்கு 60,000 பேர் தேவைப்பட்டார்கள்; 15,000 பேர் கிடைக்கவில்லை.

பட்டதாரிகளே, இப்படி ஒரு வேலை நாளை உங்கள் மேசைக்கும் வரலாம். ராணுவத்துக்கு மட்டுமல்ல, கட்சிக்கோ கடன் செயலிக்கோ சூதாட்ட நிறுவனத்துக்கோ இருக்கலாம். ஆடப்போகிறவருக்கு என்ன வயது, அவர் தட்டும் பெயரும் எண்ணும் யார் கைக்குப் போகின்றன என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பதிலை முதல் திரையிலேயே, சின்ன எழுத்தில் ஒளிக்காமல், போடச் சொல்லுங்கள். அந்தத் திரையை வடிவமைக்கப்போவது நீங்கள்தான்.