வெம்பிளியின் வெண்கோபுரங்கள்

இலண்டன் மாநகரின் வடமேற்கே, வெம்பிளியிலே, இரு வெண்கோபுரங்களை முகப்பாகக் கொண்டு நின்ற விளையாட்டரங்கு இன்று இல்லை. கொங்கிறீற்றினாலான அப்பேரரங்கு ஏறத்தாழ முந்நூறு நாட்களிற் கட்டப்பெற்றது. 1923ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி நடந்த முதலாவது உதைபந்தாட்டத்துக்கு, அரங்கு கொள்ளாத சனத்திரள் மதிலேறிப் புகுந்து ஆடுகளத்தையே மூடிவிட்டது. வெண்புரவி மீதமர்ந்த பொலிஸ்காரர் ஒருவர் அக்கூட்டத்தைப் பையப்பைய விலக்கியதை ஆங்கிலேயர் மறந்திலர். உண்மையில் அக்குதிரை சாம்பல் நிறத்தது. சலனப்படமே அதை வெள்ளையாக்கிற்று!

அடுத்த ஈராண்டுகளில் பிரித்தானியப் பேரரசுப் பொருட்காட்சி அங்கே நடந்தது. அது முடிந்தபின் அரங்கை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாயிற்று. அதனைக் காத்தவர் பிரபுவுமல்லர், அமைச்சருமல்லர். பொருட்காட்சியிலே சிகரெட் கடையில் வேலைபார்த்த ஆதர் எல்வின் என்பவரே. மற்றைக் கட்டடங்களை இடித்து விற்றுப் பொருளீட்டிய அவர், 1927இல் அரங்கைத் தம் பொறுப்பில் எடுத்து, நாய்ப் பந்தயம் நடத்தி அதை வாழவைத்தார். நாய்கள் ஓடியிராவிடின், பின்னர் வீரர் ஓடுவதற்கு அங்கு அரங்கேது?

1948இல் ஒலிம்பிக் விழா அங்கு வந்தது. இலங்கை சுதந்திரம் பெற்று ஆறு மாதங்கூட நிறையவில்லை. ஒலிம்பிக்கில் அது பங்குகொண்டதும் அதுவே முதன்முறை. ஜூலை 31ஆம் திகதி, 400 மீற்றர் தடைதாண்டும் ஓட்டத்தை டங்கன் வைற் 51.8 செக்கனில் முடித்தார். அவரை முந்தியவர் அமெரிக்கரான றோய் கொக்ரான் ஒருவரே. இலங்கைக்குக் கிடைத்த அவ்வெள்ளிப் பதக்கத்துக்குத் துணையாக இன்னொன்று வர 52 ஆண்டுகள் சென்றன. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி, சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க ஓடி அதனைப் பெற்றுத் தந்தார்.

அதற்கு ஒன்பதாம் நாள் வெம்பிளியில் இறுதி ஆட்டம் நடந்தது. 1966இல் மேற்கு ஜேர்மனியை வென்று இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை ஏந்திய அதே களத்தில், ஜேர்மனியிடமே 1–0 எனத் தோற்றது. எதியோப்பியப் பஞ்சத்துக்காக 1985இல் நடந்த இசைவிழாவில் 72,000 பேர் கூடியிருந்ததும் இங்கேதான்.

பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் இருந்தும் கோபுரங்கள் தப்பவில்லை. 2003இல் அவை வீழ்த்தப்பட்டன. புதிய அரங்கு 2007இல் திறக்கப்பட்டது. அதற்காகத் தரையைத் தோண்டியபோது, ஈபெல் கோபுரத்தை விஞ்சுமென்று தொடங்கி, முதல் தட்டோடு நின்று, 1907இல் தகர்க்கப்பட்ட வேறொரு கோபுரத்தின் அத்திவாரம் வெளிப்பட்டது.