கண்டமங்கலத்து எல்லையும் ஐரோப்பியப் போர்களும்



விழுப்புரத்தில் பேருந்து ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறவர், மதகடிப்பட்டில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறார். திருபுவனையைத் தாண்டிக் கண்டமங்கலம் வந்தால் மறுபடியும் தமிழ்நாடு. வில்லியனூர் போனால் திரும்பவும் புதுச்சேரி. இப்படித் துண்டு துண்டாகக் கோடு போட்டது யார் என்பதே இன்றைய என் பேச்சு.

1674இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்கு இடம் பிடித்தார். கம்பெனிக்கு வேண்டியது துணி. நம் நெசவாளருக்கு ஐரோப்பியச் சரக்கு எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. வெள்ளியாகத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வெள்ளியோ மெக்சிகோ, பெரு நாட்டுச் சுரங்கங்களில் வெட்டியது. இங்கே அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத்துணி, ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரை வரை போய்க் கோந்துக்குப் பண்டமாற்றானது.

1740இல் ஆஸ்திரிய அரியணைக்காக ஐரோப்பாவில் போர் மூண்டது. அதன் தொடர்ச்சியாக 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் சமாதானம் பேசியபோது, இன்றைய கனடாவிலுள்ள லூயிபூர் கோட்டையைப் பிரான்சு திரும்பப் பெற்றது. சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. இரண்டு ஊராரையும் யாரும் கேட்கவில்லை.

போர்க்காலத்தில் கப்பல் வருவது அருகிப்போனது. கப்பல் வராவிட்டால் வெள்ளி இல்லை. வெள்ளி இல்லாவிட்டால் துணிக்கு முன்பணம் இல்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸ் நிலவரியின் மேல் கண் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்காட்டு நவாபுப் பதவிக்குச் சந்தா சாகிப் போட்டியிட்டார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படை அவருக்குத் துணை நின்றது. கைம்மாறாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை அவர் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். வரி வாங்கும் உரிமை ஊர் ஊராகக் கைமாறிய காலம் அது. எல்லை துண்டுபட்டதன் வேர் இங்கே இருக்கிறது. ஐரோப்பியர் வந்தார்கள், பிடித்தார்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இது விளங்காது. நம் ஊர் அரசியலும் அவர்கள் சண்டையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன.

அடுத்த ஐரோப்பியப் போரின்போது, 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1763 உடன்படிக்கையால் திரும்பக் கிடைத்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததும், 1778இல் புதுச்சேரி மறுபடி பறிபோனது. 1783 ஜனவரியில் வெர்சாயில் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் சேதி வந்து சேர்வதற்குள், ஜூன் மாதம் கடலூரில் இரு தரப்பும் மோதி ஏராளமானோர் மாண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் முடிவான வெர்சாய் உடன்படிக்கையில், வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரியைச் சேர்ந்தவை என்று ஒரு பிரிவே இருக்கிறது. அமெரிக்கா விடுதலை பெற்ற அதே சமயத்தில் நம் பக்கத்து ஊர்களின் கணக்கும் எழுதப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி முடியும் காலம் வந்தபோது, 1954 அக்டோபர் 18 அன்று, கண்டமங்கலத்திலிருந்து அதிக தூரமில்லாத கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்பினர். ஆட்சி மாறியது, பழைய எல்லை அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் காலத்தைத் தமிழில் எழுதி வைத்தவர், பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நீளும் அவர் நாட்குறிப்பில் சரக்கு விலையும் கப்பல் வரவும் அரண்மனைச் சூழ்ச்சியும் அருகருகே கிடக்கின்றன. புதுச்சேரி சரணடைவதற்கு நான்கு நாள் முன்னால், ஜனவரி 12இல் அவர் காலமானார். ஐரோப்பிய வரலாற்றுக்கு இப்படியொரு முதல்தரச் சான்று தமிழில் இருக்கும்போது, அந்தப் பாடத்தை அயலார் கதை என்று ஒதுக்குவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: அந்த நாட்குறிப்பின் சில பக்கங்களையாவது வகுப்பில் வாசிக்கச் செய்யுங்கள். ஊராருக்கு ஒன்று: பரணில் பழைய கிரயப் பத்திரமோ, பிரெஞ்சு முத்திரை பதித்த தாளோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். படித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இந்த எல்லையின் எழுதப்படாத வரலாறு அவற்றில்தான் இருக்கிறது.